காலி வண்டியில் வரும் சத்தம்

பின்பக்கச் சத்தத்தை முதலில் கேட்ட அன்று வண்டியில் நான் மட்டும்தான் இருந்தேன். சித்தூரிலிருந்து பழைய ரோட்டில் திருப்பதிக்குப் போய்க்கொண்டிருந்தேன். பாகாலா தாண்டி, ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கும் வேகத்தடையில் ஏறி இறங்கியபோது ‘டக்’ என்று ஒரு சத்தம். டிக்கிக்குள்ளிருந்து யாரோ விரல் முட்டியால் தட்டினாற்போல இருந்தது. அடுத்த வேகத்தடையிலும் அதே ‘டக்’. வண்டியை ஓரம் கட்டி, பின்சக்கரங்களைக் குனிந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பார்க்கத் தெரியாததால் தெரியவில்லையா, உண்மையிலேயே ஒன்றும் இல்லையா என்பதும் தெரியவில்லை.

அதற்கு முன்பு அந்த வழியில் நான் தனியாகப் போனதே கிடையாது. வாரத்தில் மூன்று நாள், அலுவலகம் முடிந்ததும், திருப்பதியில் எங்களுக்கு மாலை வகுப்பு. பதவி உயர்வுக்கான துறைத் தேர்வு வகுப்பு. எங்களுக்கு என்றால் நாலு பேருக்கு. பக்கத்துப் பிரிவில் இருக்கும் உமாபதி சார், தபால் பிரிவு ஷோபா அக்கா, கம்ப்யூட்டர் பார்க்கும் கிரண்குமார், நான். வண்டி என்னுடையது. பழைய வண்டிதான். கிரண் முன்சீட்டில் உட்கார்ந்து பாட்டுப் போடுவான். ஷோபா அக்கா பின்சீட்டில் தன் மாமியார் வீட்டுக் கதைகளைச் சொல்லுவார். உமாபதி சார் தூங்குவதுபோல் இருந்து, கதையில் ஊர்ப் பெயர் தப்பாக வந்தால் மட்டும் கண்ணைத் திறந்து திருத்துவார். நான் பேசத் தெரிந்தவன் இல்லை. ஓட்டுகிறவன் பேசாமல் இருந்தால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. அதனால் அந்தப் பயணம் எனக்குப் பிடித்திருந்தது. வாரத்தில் மீதி நாட்களை அந்த மூன்று நாளை வைத்துத்தான் எண்ணினேன்.

பிறகு நான் வண்டியை மாற்றினேன். பெரிய அலாய் வீல், மெல்லிய டயர், வண்டியைத் தாழ்த்துகிற குட்டை ஸ்பிரிங். கிரண் போனில் ஒரு படம் காட்டி, “அண்ணா, இந்த மாதிரி பண்ணா லுக் சூப்பரா உண்டதி” என்றான் பாதித் தெலுங்கில். படத்தில் இருந்த வண்டி எனக்கும் பிடித்தது. என்னைப் பார்த்தால் யாருக்கும் இரண்டாவது தடவை பார்க்கத் தோன்றாது. வண்டியையாவது பார்க்கட்டும் என்று நினைத்திருப்பேன்.

ரேணிகுண்டா ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் அப்பாவு அண்ணன் எல்லாவற்றையும் மாட்டிக்கொடுத்தார். அவர் சத்தியவேடு பக்கத்துக்காரர். கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளை ஒரு சாக்கில் போட்டு, “வீட்ல போட்டு வை, எப்பனா தேவைப்படும்” என்று கொடுத்தார்.

முதல் வாரமே பின்சீட்டில் ஆள் ஏறினால் ‘சர்ர்’ என்று டயர் எதிலோ உரசியது. எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழிமுறை வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும் என்று எனக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஒரு நாள் உமாபதி சாரை இடப்பக்கம் உட்காரச் சொன்னேன். மறுவகுப்புக்கு வலப்பக்கம். அதற்கடுத்த நாள் நடுவில். பாட்டை நிறுத்தச் சொன்னேன். ஷோபா அக்கா எதையோ சொல்லத் தொடங்கினால், “அக்கா, ஒரு நிமிஷம், இந்தத் திருப்பம் முடியட்டும்” என்பேன். ஒரு திருப்பம் முடிந்தால் அடுத்தது வந்துவிடும்.

“என்ன தரணி, நாங்க ஆளா, எடைக்கல்லா?” என்று உமாபதி சார் ஒரு நாள் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும், “சார், இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம் நவுருங்க” என்றேன்.

உரசல் போயிற்று. சக்கரத்துக்கு மேலே இருந்த தகட்டின் ஓரத்தை அப்பாவு அண்ணன் மடக்கிவிட்டார். ஆனால் வண்டி முரடாகவே இருந்தது. சின்னக் கல் ஏறினால்கூட முதுகெலும்பில் தெரிந்தது. உமாபதி சார் இடுப்பு வலி என்று ஒரு வாரம் பஸ்ஸில் வந்தார். “வண்டிக்கு புத்தூர் எலும்புக் கட்டு போட்டுக்கினு வா, அப்புறம் ஏர்றேன்” என்றார். பிறகு ஷோபா அக்காவுக்குக் கழுத்து வலி. பிறகு கிரண், அவர்களோடு போவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அப்படித்தான் தனியானேன். தனியான முதல் நாளே அந்த ‘டக்’ வந்தது.

வண்டியைச் சரி செய்தால் அவர்கள் திரும்ப வருவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என்னிடம் சந்தேகம் இல்லாத ஒரே விஷயம் அதுதான். வகுப்பு இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் சரி செய்ய வேண்டும். அதன் பிறகு நாலு பேரும் ஒரே வண்டியில் எங்கேயாவது போவதற்குக் காரணமே இருக்காது.

சத்தத்துக்குக் காரணம் எதுவாகவும் இருக்கலாம் என்பதால் வண்டியில் இருந்த பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். ஜாக்கி, ஸ்பேனர் பை, தண்ணீர் பாட்டில். ஆள் இல்லாத சீட் பெல்ட்டுகளின் பூட்டுகளில் துணி சுற்றினேன். அப்புறம் ஷோபா அக்காவின் மடக்குக்குடை. உமாபதி சாரின் கழுத்துத் தலையணை. கிரணின் சின்ன ஸ்பீக்கர். எல்லாவற்றையும் ஒரு துணிக்கடைக் கவரில் போட்டு, அலுவலகத்தில் அக்காவின் மேசையில் வைத்தேன். “அக்கா, இதெல்லாம் வண்டியில இருந்துச்சி” என்றேன். அக்கா கவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சரிப்பா” என்றார்.

அன்று சாயங்காலமும் சத்தம் வந்தது. வண்டியில் என்னைத் தவிர எதுவும் இல்லாததால் முன்பைவிடத் தெளிவாகக் கேட்டது.

அப்பாவு அண்ணனிடம் போனேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, “நீ ஓட்டு. நான் பின்னாடி உக்காந்து கேக்கறேன்” என்றார். ஷெட்டுக்குப் பக்கத்தில் இருந்த வேகத்தடையில் போனோம், வந்தோம், திரும்பப் போனோம். வண்டி வாயே திறக்கவில்லை.

“எங்கப்பா சத்தம்?”

“தெனமும் வருதுண்ணா.”

“வந்தா நல்லதுதானே, பேச்சுத்துணைக்கு ஆச்சி.” அவர் சிரித்துக்கொண்டே இறங்கினார். ஆனாலும் அடியில் படுத்து, ஒவ்வொரு போல்ட்டாக ஸ்பேனர் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். “எல்லாம் டைட்டாகீது. நீ நேத்து நல்லா தூங்குனியா?”

அங்கிருந்து புறப்பட்டு அதே வேகத்தடையில் இறங்கினேன். டக்.

திரும்பிப் போய் அவரைக் கூப்பிட எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் போய்ச் சொன்னேன். அவர் திரும்பவும் பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டார். சத்தம் வரவில்லை. அதன் பிறகு எனக்கே நம்பிக்கை போய்விட்டது. போனில் பதிவு செய்து கேட்டேன். காற்றுச் சத்தமும் என் மூச்சும்தான் இருந்தன. நடுவில் ஏதோ ஒன்று இருந்தது. ‘டக்’ என்று நினைத்தால் ‘டக்’. இல்லை என்று நினைத்தால் இல்லை.

சனி, ஞாயிறு நகரிக்கு, எங்கள் வீட்டுக்குப் போவேன். எங்களுக்கு விசைத்தறி. நைனாவும் அம்மாவும் ஓட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி வண்டியை எடுத்துக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன் ரோட்டு வேகத்தடைகளில் தனியாக ஓட்டிப் பார்ப்பேன். அங்கேயும் சத்தம் வராது. சித்தூர்ப் பக்கம் காலி வண்டியில் வருகிறது. நகரியில் காலி வண்டியில் வரவில்லை. ரோட்டின் வேறுபாடா, வெயிலா, டயர் காற்றா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். எதற்கும் பொருந்தவில்லை. நான்தான் வேறு ஆளாக இருக்கிறேன் போல, வீட்டில் ஒரு காது, வெளியில் ஒரு காது என்றுகூட நினைத்தேன்.

மூன்றாவது ஞாயிறு, நான் வண்டியை எடுப்பதற்குள் நைனா டிக்கியைத் திறந்து நூல் மூட்டைகளை இறக்கிவிட்டார். சனிக்கிழமை புத்தூரில் நூல் எடுத்து வருவது என் வேலை. வந்ததும் இறக்க மாட்டோம். தறிக்கொட்டகையில் இடம் கிடையாது. முந்தின வாரத்து மூட்டை தீர்ந்த பிறகு, ஞாயிறு சாயங்காலம்தான் இறக்குவது. அன்று ஏதோ காரணத்தால் முன்னாலேயே இடம் ஒழிந்திருந்தது.

ஸ்டேஷன் ரோட்டில் முதல் வேகத்தடையிலேயே டக்.

வண்டியை அப்படியே திருப்பிக்கொண்டு வந்தேன். “நைனா! மூட்டைய திரும்ப டிக்கில வையி!”

“இப்பதானேடா இறக்குனேன்? இடுப்பு ஒடிஞ்சிபோச்சி.”

“நானே வெக்கறேன். நீயும் வா. சத்தம் வர்தா பாரு.”

“எனக்கு இன்னாடா கேக்கும்? தறி ஓட்டி ஓட்டி காது போய் எத்தினி வருசம்?” என்று சொன்னாலும் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூட்டையோடு போனோம். சத்தம் இல்லை. மூட்டையை வாசலில் இறக்கிவிட்டுப் போனோம். டக். திரும்பவும் ஏற்றினேன். இல்லை. திரும்பவும் இறக்கினேன்.

அம்மா வாசலில் வந்து நின்று, “நூலுக்கு ஊர் சுத்திக் காட்றானா இவன்?” என்றாள்.

தறிக்காரர் வீட்டில் டிக்கியில் நூல் இருப்பது பாரமே கிடையாது. டிக்கித் தட்டுக்கு அடியில் ஸ்டெப்னி இருப்பதுபோல அது இருக்கும். பிறந்ததிலிருந்து நூல் இல்லாத வண்டியை எங்கள் வாசலில் நான் பார்த்ததே இல்லை. அதனால் இரண்டு மூட்டை நூலோடு ஓட்டிவிட்டுக் காலி வண்டி என்று நினைத்திருக்கிறேன். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று விதி வைத்தவன், இருப்பது எது என்பதையே சரியாகப் பார்க்கவில்லை.

பின்பக்கம் பாரம் இருந்தால் சத்தம் இல்லை. அப்பாவு அண்ணன் பின்சீட்டில் உட்கார்ந்ததால்தான் அவருக்குக் கேட்கவே இல்லை.

திங்கட்கிழமை அவரிடம் சொன்னேன். அவரை ரோட்டோரம் நிறுத்திவிட்டுத் தனியாக வேகத்தடையில் இறங்கிக் காட்டினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அட, ஆமாம்ப்பா! ஸ்பிரிங் குட்டை. ஷாக் அப்சார்பர் பழைய நீளம். சக்கரம் பள்ளத்துல கீழ தொங்கும்போது ஸ்பிரிங் எட்டாம லூசாயிடுது. திரும்ப வண்டி உக்கார சொல்லோ ‘டக்’னு இடிக்குது. ஆளு இருந்தா அழுத்திப் புடிச்சிக்கும். ரெண்டு தபா பின்னாடி உக்காந்தேனே, எனக்கு தோணல பாரு.”

குட்டை ஸ்பிரிங்குக்கு ஏற்ற குட்டை ஷாக்கைச் சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும். வருவதற்குள் வகுப்பு முடிந்துவிடும். பழைய ஸ்பிரிங்கையே மாட்டிவிடலாம் என்றேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், பின்சக்கரத்து ஸ்பிரிங்குகளின் மேல் அம்மா தண்ணீர்க் குடங்களை உட்கார வைத்திருந்தாள். “நல்லா அம்சமா கீது, ஆடறதே இல்ல” என்று சொல்லி, தர மனசில்லாமல்தான் தந்தாள்.

மாட்டியதும் வண்டி பழைய உயரத்துக்கு எழுந்தது. சக்கரம் மட்டும் பெரியது. பேன்ட் குட்டையாகிப்போன பையனைப்போல நின்றது. சித்தூர்வரை தனியாக ஓட்டினேன். வேகத்தடைகளில் ஒரு சத்தமும் இல்லை. கல் தெரியவில்லை, பள்ளம் தெரியவில்லை. பாட்டும் இல்லை, ஸ்பீக்கர் கிரணிடம் இருந்தது. பாகாலா வந்தபோது, கேட்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன்.

மறுநாள் அலுவலக கேன்டீனில் மூவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“வண்டி சரியாயிடுச்சி. எல்லாம் பழைய ஸ்பிரிங்கு. இடுப்பு வலிக்காது சார்” என்றேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம். சொன்னபோது ஷெட்டுக்காரர் சொல்வதுபோல் இருந்தது.

கிரண் கிளாஸைப் பார்த்தான்.

“பஸ் பாஸ் எடுத்துட்டோமே” என்றார் உமாபதி சார்.

“இடுப்பெல்லாம் சும்மா சொன்னது தரணி” என்றார் ஷோபா அக்கா. “நீ வாயத் தொறக்கவே உடல. எதுனா சொன்னா ஒரு நிமிஷம் இரு, ஒரு நிமிஷம் இருன்ற. ஊட்ல மாமியாரு, ஆபீஸ்ல சூப்பிரண்டு. நடுவுல அந்த ரோட்லதான் நான் பேசறதே. சரி, வண்டி ரிப்பேரு, முடிஞ்சதும் போலாம்னுதான் இருந்தோம். அதுக்குள்ள எங்க சாமானை எல்லாம் கவர்ல போட்டுக் கையில குடுத்துட்ட. அதுக்கு மேல எப்பிடிப்பா ஏர்றது?”

“அய்யோ அக்கா, அது சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு…”

“எங்க குடைலேர்ந்தா வருது?”

“இல்ல. ஆனா அப்ப தெரியாது இல்ல.”

கிரண் சிரித்துவிட்டான். “மேமு அனுகுன்னாம் அண்ணா, நீங்க எங்கள வெளிய போங்கன்னு சொல்றீங்கன்னு நெனச்சோம்.” உமாபதி சாரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கவரை மேசையில் வைத்தபோது அக்கா என்னைப் பார்த்த பார்வை அப்போதுதான் புரிந்தது.

“வெள்ளிக்கிழமை கடைசி கிளாஸு” என்றேன். “ஒரே ஒரு நாள் வாங்க. நான் எதுவும் சொல்ல மாட்டேன்.”

வெள்ளிக்கிழமை வந்தார்கள். உமாபதி சார் கதவைத் திறந்து, “நான் லெஃப்ட்டா, ரைட்டா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஏறினார். கிரண் ஸ்பீக்கரைக் கொண்டுவந்திருந்தான், ஆனால் மடியிலேயே வைத்திருந்தான். “போடு கிரண்” என்று நான் சொன்ன பிறகு போட்டான். முதலில் எல்லாரும் யார் வீட்டிலோ விருந்துக்கு வந்தவர்களைப்போல் இருந்தார்கள். ஊரைத் தாண்டியதும் ஷோபா அக்கா, தன் கொழுந்தனுக்குக் குப்பம் ஊரில் பெண் பார்க்கப் போன கதையைத் தொடங்கினார்.

“பச்சைக் கதவு வீடுன்னு சொல்லியிருந்தாங்க. போனோம். வாங்க வாங்கன்னு ஒரே மரியாத. போண்டா, கேசரி, காப்பி. என் மாமியா மூணாவது போண்டா துன்னுக்கினு இருக்காங்க. அப்போ அந்த வீட்டம்மா வந்து கன்னடத்துல என்னவோ கேட்டாங்க…”

“குப்பத்துல கன்னடம் கேக்க மேற்கால போகணும்” என்றார் உமாபதி சார் கண்ணைத் திறக்காமல்.

“சும்மா இருங்க சார், கதைய கேளுங்க.”

அப்போது அது வந்தது. ‘கிச்’. மிகச் சின்னது. இடப்பக்கம், பின்னால். நான் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தேன். எதுவும் சொல்லக் கூடாது. ஒரு சின்ன மேடு வந்தது, ‘கிச்’. ஸ்பிரிங்கோடு மாட்டிய புது ரப்பராக இருக்கலாம். வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே அப்பாவு அண்ணன் போல்ட்டை இறுக்கிவிட்டாரோ? தரையில் இறக்கிவைத்து இறுக்குங்கள் என்று அவரிடம் சொன்னேன். ஆனால் அவர் இறுக்கும்போது நான் டீ வாங்கப் போயிருந்தேன். பிரேக் போட்டால் வரவில்லை. இடப்பக்கம் ஒடித்தால் வருகிறது. கிரணின் பாட்டுக்கு அடியில், அக்காவின் குரலுக்கு அடியில், அது தனியாக இருந்தது. யாருக்காவது கேட்கிறதா என்று கண்ணாடியில் பார்த்தேன். மூவரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். உமாபதி சாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் சிரித்தேன்.

“நீ எதுக்குச் சிரிச்ச?” என்றார் ஷோபா அக்கா.

“கதைக்குத்தான்க்கா.”

“எங்க, கடைசில என்னா ஆச்சி சொல்லு.”

சந்திரகிரி மலைக்கோட்டை வலப்பக்கம் வந்து, மெல்லப் பின்னால் போயிற்று.

“போண்டா…” என்றேன்.

கிரண் கையைத் தட்டிச் சிரித்தான். “அண்ணா போண்டாலயே ஆகிப்போயாரு, நின்னுட்டாரு!” அக்காவும் சிரித்தார், ஆனால் சீக்கிரம் நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “எங்க வருது சத்தம்?” என்று கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை.

“லெஃப்ட்டுலக்கா” என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

வகுப்புக் கட்டடத்தில் இறங்கி அவர்கள் உள்ளே போனார்கள். நான் வண்டியின் இடப்பக்கம் போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. உள்ளே போவதற்குள் பாடம் ஆரம்பித்திருந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். மாதிரித் தேர்வுக் கேள்விகளை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். பாதியை எழுதினேன்.

முடிந்ததும் மூவரும் வெளியே வந்தார்கள். “நாங்க பஸ்லயே போயிடறோம்ப்பா” என்றார் உமாபதி சார் என் தோளில் கை வைத்து. “பாஸு வீணாப் போவுது. வண்டி நல்லாத்தான் இருக்குது. தப்பா எடுத்துக்காத.”

வண்டி நல்லாத்தான் இருக்கிறது. இத்தனை நாள் நான் கேட்க விரும்பியது அதைத்தான்.

“அக்கா, அந்தக் கதைய மறுபடியும் சொல்வீங்களா?” என்றேன்.

“பஸ்ல வேணா சொல்றேன். நீதான் வண்டி வெச்சிருக்கியே.”

அவர்கள் நடக்கத் தொடங்கினார்கள். கட்டடத்து வாட்ச்மேனிடம் போய், வண்டி காலைவரை இங்கேயே இருக்கட்டும் என்று தெலுங்கில் சொன்னேன். ஏன், ரிப்பேரா என்று கேட்டார். இல்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஓடிப்போய்த்தான் அவர்களைப் பிடித்தேன். என்னைப் பார்த்து கிரண் புருவத்தை உயர்த்தினான்.

பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் மூவரும் உட்கார்ந்தார்கள். எனக்கு அதற்குப் பின்சீட்டில், மொட்டை அடித்து, மடியில் லட்டுப் பையோடு தூங்கிக்கொண்டிருந்த ஒருவரின் பக்கத்தில் இடம் கிடைத்தது. பஸ் புறப்பட்டதும் எல்லாக் கண்ணாடியும் அதிர்ந்தது. இன்ஜின், தகடு, கம்பி, என்னென்னவோ. ஷோபா அக்கா முன்பக்கம் பார்த்தபடியே கதையை முதலிலிருந்து தொடங்கினார். குப்பம், பச்சைக் கதவு வரை கேட்டது. அப்புறம் உதடு அசைவதுகூடத் தெரியவில்லை, பின்னந்தலைதான் தெரிந்தது. கிரணின் தோள் சிரிப்பில் குலுங்கியது.

முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

“அக்கா, பச்சைக் கதவுக்கு அப்புறம் கேக்கல” என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை கத்தித்தான் சொன்னேன். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துக்கொண்டார்.